இதழை எண்ணாமல் இலையை அவிக்காதீர்கள்

மூன்று கிழமைக்கு முன் எங்கள் வீட்டுப் பின்பக்க மண்திட்டில் பெயர் தெரியாத ஒரு பூ பூத்தது. போன வருட மழைக்கு அந்தத் திட்டில் ஒரு பகுதி சரிந்து விழுந்ததால், அவர் ஒரு டிரக்டர் மண் எடுத்துக் கொட்டியிருந்தார். அந்த மண்ணோடு வந்த விதையாக இருக்கலாம். செடி இடுப்பளவு உயரம். இலையைத் தடவினால் பூனையின் நாக்கைப் போலச் சுரசுர என்று இருக்கிறது. காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் வளைந்து ஓடுகின்றன, இடையில் ஏணிப்படி மாதிரி குறுக்கு நரம்புகள். பூ ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், நடுவில் மஞ்சள்.

அந்தப் பூவுக்கு ஒரே நாளில் மூன்று தீர்ப்புக் கிடைத்தது.

முதலாவது தீர்ப்பு போன் சொன்னது. படம் எடுத்து செயலியில் போட்டதும் இரண்டு விநாடியில் "திபூச்சினா, பிரேசில் நாட்டு அலங்காரச் செடி" என்றது. கொஞ்சம் சரித்து இன்னொரு படம் எடுத்தேன். "மெலஸ்டோமா" என்றது. அதே செடி, அதே பூ.

இரண்டாவது எங்கள் மாமி. படத்தைப் பார்த்த உடனே, "இது போவிட்டியா தானே மகள். ஈரலுக்கு நல்லம். அவிச்சிக் குடிச்சா செங்கமாரி ஓடிப் போகும்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. படத்தையும் மருந்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இரவாவதற்குள் அது கம்பளையையும் தாண்டி அக்குறணைக்குப் போய், கொழும்பிலிருக்கும் ராத்தாவிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. இப்போது அதில் "சர்க்கரை நோய்க்கும்" என்று ஒரு சொல் கூடியிருந்தது.

மூன்றாவது எங்கள் ஆசிரியர் அறையில் இருக்கும் ஒரு சேர். சுற்றாடல் விஷயங்களில் ஆர்வமுள்ளவர், நல்ல மனிதர். "டீச்சர், இது வெளிநாட்டுச் சாமான், வந்தேறி. வேரோட புடுங்கிப் போடுங்க. இல்லாட்டி தோட்டத்தையே மூடிடும்" என்றார்.

குடி, பிடுங்கு, பிரேசில். மூவரும் அவ்வளவு உறுதியாகப் பேசினார்கள். ஒருவர்கூட அந்தப் பூவின் இதழ்களை எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணியது பின்னேர வகுப்புக்கு வரும் தரம் எட்டுப் பிள்ளை ஒன்று. கொப்பியை வைத்துவிட்டுப் போய் அந்தச் செடியடியில் குந்தியிருந்து, "டீச்சர், நாலு இதழ்தான் இருக்கு. நடுவுல இந்த மஞ்சள் குச்சி எட்டு" என்றாள்.

அந்த நாலும் எட்டும்தான் முழுக் கதையும்.

திபூச்சினாவுக்கு ஐந்து இதழ். மெலஸ்டோமாவுக்கும் ஐந்து இதழ்தான். அதன் கேசரங்கள் பத்து, அந்தப் பத்திலும் ஐந்து நீளமாக வளைந்து, ஐந்து குட்டையாக மஞ்சளாக, இரண்டு விதமாக இருக்கும். நாலு இதழும் எட்டுக் கேசரமும் கண்டால் இரண்டு பெயரும் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன. மிஞ்சுவது ஒஸ்பெக்கியா இனம். அதில் ஒன்றின் முழுப் பெயர் ஒஸ்பெக்கியா ஒக்டாண்ட்ரா. ஒக்டாண்ட்ரா என்றாலே எட்டுக் கேசரம் உள்ளது என்றுதான் அர்த்தம். சிங்களத்தில் ஹீன் போவிட்டியா. உலகத்தில் இலங்கையில் மட்டும் இயற்கையாக வளரும் செடி. நான் கையில் கிடைத்த நூல்களோடு இலையின் மயிரையும் காயின் மேல் உள்ள சொரசொரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தேன். பேராதனையில் ஒரு கிளையைக் காட்டி உறுதிப்படுத்தும் வரைக்கும் இது என் கணிப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

ஆக, பிரேசில் என்று போன் சொன்னது, வந்தேறி என்று சேர் பிடுங்கச் சொன்னது, இந்த நாட்டை விட்டால் வேறு நாடே இல்லாத ஒரு செடியை.

"அப்ப மாமி சொன்னது சரிதானே" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. பிழையிலேயே ஆபத்தான பிழை அதுதான்.

போவிட்டியா என்பது ஒரு செடி அல்ல, பல செடிகள். ஹீன் போவிட்டியா ஒன்று. மஹ போவிட்டியா என்பது மெலஸ்டோமா. கட்டகளு போவிட்டியா என்று இன்னொன்று இருக்கிறது. கட்ட என்றால் வாய், களு என்றால் கறுப்பு. அதன் பழத்தைத் தின்றால் வாய் கறுக்கும். அது கிளிடெமியா ஹிர்டா, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது, தண்டெல்லாம் மயிர், பூ சின்னதாக வெள்ளை, பழம் கருநீலம். மூன்றுக்கும் இலை ஏறக்குறைய ஒரே மாதிரி, அதே வளைந்த நரம்புகள், அதே ஏணிப்படி. பூ இல்லாத நேரத்தில் இலையை மட்டும் பறித்துக் கையில் தந்தால் என்னாலும் பிரிக்க முடியாது.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அடுத்த நாள் காட்டினேன். எழுபது தாண்டியவர். கண்ணாடியைப் போட்டு, பூவைப் பார்த்து, காய்ந்த காய் ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்து, சதை இல்லை, தூள் மாதிரி விதைதான் இருக்கிறது என்று கண்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "ஹீன்" என்று அழுத்திச் சொல்லி, பிறகு "போவிட்டியா" என்றார். பழத்தில் சதை இருந்து விரலில் கறை பிடித்தால் அது இது இல்லையாம். ஆச்சி பார்த்தது இதழை அல்ல, காயை. ஆனால் பார்த்தார். அதுதான் அடையாளம் காணுதல்.

நாங்கள் தமிழ் பேசுகிறவர்கள் என்ன செய்திருக்கிறோம்? சிங்களத்திலிருந்து பெயரை வாங்கிக்கொண்டோம், அந்தப் பெயரின் தலையை வெட்டிவிட்டோம். ஹீன், மஹ, கட்டகளு எல்லாம் போய், எல்லாமே "போவிட்டியா" ஆகிவிட்டது. மலையில் எங்களைச் சுற்றி நிற்கும் செடிகளில் பாதிக்கு எங்களிடம் எழுதி வைத்த தமிழ்ப் பெயர் இல்லை. கடன் வாங்குவதில் குறை இல்லை. அரைப் பெயரைக் கடன் வாங்கி அதை மருந்துச் சீட்டாக அனுப்புவதுதான் குறை.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய உறவில் ஒரு தம்பிக்கு இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சல் வந்து கண் மஞ்சளானது. செங்கமாரி என்று முடிவு செய்தார்கள். யாரோ கொண்டுவந்து கொடுத்த "போவிட்டியா" இலையை அவித்து ஐந்து நாள் கொடுத்தார்கள். ஆறாம் நாள் சிறுநீர் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வயலில் இறங்கி வேலை செய்த பிள்ளை. எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும், சிறுநீரகமும் அடிபடும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிழைத்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அந்த ஐந்து நாளும் அவர் குடித்தது ஹீனா, மஹவா, கட்டகளுவா, வேறு ஏதாவதா என்று இன்று வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. செடியையும் அடையாளம் காணவில்லை, நோயையும் அடையாளம் காணவில்லை.

நாட்டு மருந்தை நான் இழிவாகப் பேசவில்லை. ஹீன் போவிட்டியாவை 1980களில் இலங்கை விஞ்ஞானிகளே ஆய்வுகூடத்தில் எலிகளுக்குக் கொடுத்து, ஈரலுக்கு வரும் பாதிப்பை அது குறைக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது அந்தச் செடியைப் பற்றிய ஆய்வு, அதன் தலை வெட்டப்பட்ட பெயரைப் பற்றியது அல்ல. எலியில் கண்டது நமக்கு மருந்தாகுமா என்பதும் வேறு கேள்வி. அதே காலத்தில், 1981இல், பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் எழுதினார்கள். நம் மக்கள் மருந்தாகக் குடிக்கும் சில மூலிகைகளில் ஈரலைக் கெடுக்கும் நச்சு இருக்கிறது என்று. அதில் கிலுகிலுப்பை வகை ஒன்றும் உண்டு. ஒரு இலை ஈரலைக் காப்பாற்றும், இன்னொரு இலை ஈரலைத் தின்னும், இரண்டும் ஒரே சந்தையில் ஒரே கட்டாக வரும். எதைக் குடிக்கிறோம் என்று தெரியாமல் "இயற்கைதானே, கெடுதி செய்யாது" என்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. நச்சும் இயற்கைதான்.

"உம்மாமார் காலத்தில் இதழை எண்ணிக்கொண்டா இருந்தார்கள்?" என்று குழுவில் ஒரு நானா கேட்டார். எண்ணவில்லை, சரி. ஆனால் அவர்கள் நாற்பது வருடம் ஒரே வேலியில், ஒரே செடியில், பூவிலும் காயிலும் மழையிலும் வெயிலிலும் பறித்தார்கள். அடையாளம் அவர்கள் விரலில் இருந்தது, ஆச்சிக்கு இருப்பது போல. நம்மிடம் அந்த விரல் இல்லை. அவர்களுடைய துணிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இனி போனுக்கு வருவோம். செயலியை வீசி எறியச் சொல்லவில்லை. அது செடியைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கிறது. தன்னிடம் உள்ள படங்களோடு ஒத்துப் பார்த்து எது கிட்ட வருகிறதோ அதைச் சொல்கிறது. திபூச்சினா உலகமெல்லாம் தோட்டங்களில் நிற்கும் செடி, அதன் படங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. இலங்கையில் மட்டும் ஒரு மண்திட்டில் பூக்கும் செடிக்கு எத்தனை படம் இருக்கப் போகிறது? அதிகம் படம் எடுக்கப்பட்டவர் பக்கம் தீர்ப்பு சாயும். ஆகவே செயலி சொல்வதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம். "ஐந்து இதழ் இருக்க வேண்டுமாமே, இதில் இருக்கிறதா?" என்று செடியிடம் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். திரும்பிப் போகாமல் நிற்கிற இடத்திலேயே அறிவு வந்துவிட்டது என்று நினைக்கிறோமே, அங்கேதான் கோளாறு.

சேரின் தீர்ப்பு எனக்குக் கூடுதலாக உறுத்தியது, அந்த "வந்தேறி" என்ற சொல்லால். 2018 மார்ச்சில் திகனையில் நடந்ததைக் கண்ட கண்டி மாவட்டத்து முஸ்லிம்களுக்கும், குடியுரிமையே பறிக்கப்பட்ட தோட்டத்துத் தமிழர்களுக்கும் அந்தச் சொல்லின் எடை தெரியும். அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை, செடியைத்தான் சொன்னார். ஆனாலும் செடிக்கும் அது பிழையான கேள்வி. நம் முற்றத்தில் நிற்கும் மிளகாய், பப்பாசி, கொய்யா, அன்னாசி, மரவள்ளி எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பன்சலையில் வைத்துக் கும்பிடும் அரலியாவும் அங்கிருந்துதான். நம்மைச் சுற்றி மலை மலையாய் நிற்கும் தேயிலையை 1824இல் சீனாவிலிருந்து பேராதனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிடுங்குவோமா?

அதற்காக வந்ததெல்லாம் நல்லது என்று சொல்லவும் நான் தயாரில்லை. 1888இல் அதே பேராதனைத் தோட்டத்துக்கு மிக்கோனியா என்ற செடி வந்தது. அகன்ற இலை, அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறம், பார்க்க அழகு. இன்று அது வேலி தாண்டி கண்டியைச் சுற்றிய ஈர மலைக் காடுகளுக்குள் புகுந்துவிட்டது. தஹிதி தீவில் 1937இல் ஒரு தோட்டத்தில் இதே செடியை அழகுக்காக நட்டார்கள். இப்போது தீவின் மூன்றில் இரண்டு பங்குக்கு அது பரவி, அதன் நிழலில் சொந்தச் செடிகள் முளைக்க முடியாமல் சாகின்றன. கட்டகளு போவிட்டியாவும் இங்கே அப்படிப் பரவும் செடிகளின் பட்டியலில் இருப்பதுதான். நான் சொல்ல வருவது இதுதான்: என் மண்திட்டில் பூத்த செடியும், மஹ போவிட்டியாவும், கட்டகளுவும், மிக்கோனியாவும், திபூச்சினாவும் ஒரே குடும்பம். எல்லாவற்றின் இலையிலும் அதே வளைந்த நரம்பு. ஒன்று இந்தத் தீவை விட்டால் இல்லாதது, ஒன்று காட்டையே விழுங்குவது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதி பதில்கூடக் கிடைக்காது. என்ன செடி, இங்கே என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கு முதலில் குந்தியிருந்து எண்ண வேண்டும்.

இப்போது எங்கள் பக்கம், ஆசிரியர்கள் பக்கம். இதில்தான் எனக்கு அதிக கோபம்.

விஞ்ஞானப் பாடத்தில் இணைக்கவர்ச்சுட்டி என்று ஒன்று படிப்பிக்கிறோம். "இதழ் நாலா? ஆம் என்றால் இங்கே போ, இல்லை என்றால் அங்கே போ" என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு உயிரியை அடையாளம் காணும் முறை. அருமையான கருவி. அதை எதில் படிப்பிக்கிறோம்? புத்தகத்தில் அச்சடித்த நாலைந்து படங்களில். விடை பின்பக்கம் இருக்கிறது. ஒரு பிள்ளையையாவது மதில் ஓரத்துக்குக் கூட்டிப்போய், அங்கே நிற்கும் களைகளுக்கு ஒரு சுட்டி செய் என்று சொல்லியிருக்கிறோமா? பூவின் பாகங்கள் என்றால் செவ்வரத்தம் பூ. வருடா வருடம் அதே செவ்வரத்தம் பூ, அதே நெடுக்குவெட்டு முகம், அதே கோடு போட்டுப் பெயர் எழுதுதல். பரீட்சையில் எட்டுப் புள்ளி. பூவைப் பற்றிப் பத்து வருடம் படித்த பிள்ளைக்கு ஒரு பூவைக் கையில் கொடுத்தால் முகர்ந்து பார்க்கத்தான் தெரிகிறது. நானும் பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் பாடக்குறிப்பு எழுதினேன், கற்பித்தல் உபகரணம் செய்தேன். பிரிஸ்டல் போர்டில் செய்த செவ்வரத்தம் பூவுக்குப் பாராட்டும் கிடைத்தது. கலாசாலை வேலியில் என்ன பூத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

பேராதனைக்கு வருடாவருடம் சுற்றுலா போகிறோம். நாவலப்பிட்டியில் ரயில் ஏறினால் கம்பளை தாண்டி பேராதனை. 1821இலிருந்து அங்கே தோட்டம் இருக்கிறது. பிள்ளைகள் பனை வரிசையில் ஓடுவார்கள், 1901இல் பிரித்தானிய இளவரசர் நட்ட நாகலிங்க மரத்தடியில் நின்று படம் எடுப்பார்கள், சோற்றுப் பார்சலைத் தின்றுவிட்டு வருவார்கள். அதே வளவுக்குள் தேசிய உலர்தாவரச் சேமிப்பகம் இருக்கிறது. இந்த நாட்டின் செடிகளை அமத்திக் காயவைத்து, எங்கே எப்போது பறித்தது என்று சீட்டு ஒட்டி அடுக்கி வைத்திருக்கும் இடம். அப்படி ஒன்று இருப்பதாக எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? அந்தத் தோட்டத்தில் 1823இலிருந்து நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற நம் நாட்டுக்காரர் செடிகளை வரைவதையே வேலையாகச் செய்தார். வரைகிறவர் எண்ணாமல் வரைய முடியாது. அவரைக் கௌரவித்து ஓர் ஓர்க்கிட் இனத்துக்கு அல்விசியா என்று பெயர் வைத்தார்கள். நம் சித்திரப் பாடத்திலும் அவர் இல்லை, விஞ்ஞானப் பாடத்திலும் இல்லை.

"ஒரு பூவுக்கு இவ்வளவா டீச்சர்?" என்பவர்களுக்கு இந்த மலையின் கதையையே சொல்லலாம். இங்கே முதலில் நின்றது தேயிலை அல்ல, கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. பேராதனையில் பொறுப்பாக இருந்த துவெயிட்ஸ் அந்த இலையை இங்கிலாந்தில் இருந்த பெர்க்லி என்ற பாதிரியாருக்கு அனுப்பினார். அவர் அது ஒரு புதிய பூஞ்சணம் என்று கண்டு அதே வருடம் பெயரும் வைத்தார். அந்தப் பெயரின் பின்பாதிக்கு நாசகாரி என்று அர்த்தம். அடையாளம் கண்டவர்கள் அன்றே கண்டுவிட்டார்கள். தோட்டத் துரைமார் பலர் அது காலநிலையால் வந்தது, தானாகப் போய்விடும் என்றே இருந்தார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளரை வரவழைத்து அவர் இரண்டு வருடம் ஆராய்ந்து சொன்ன நேரத்தில் கோப்பி கையை விட்டுப் போய்விட்டது. டொலஸ்பாகை மலையில் இன்று தேயிலை நிற்பதற்கும், என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் கொழுந்துக் கூடை இருப்பதற்கும் பின்னால் யாரும் நம்ப மறுத்த அந்தச் செம்மஞ்சள் பொட்டு இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் நான் மறுப்புப் போட்டேன். நாலு பேர் கட்டை விரல் காட்டினார்கள். மாமியின் மருந்தை நாற்பது பேர் அனுப்பியிருந்தார்கள். மாமி என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே திட்டுக்குப் போய் எண்ணிவிட்டு வந்து, "நாலுதான்" என்றார். பிறகு, "ஆனா அவிச்சா நல்லம்" என்றார். சரி, அதற்கு இன்னொரு பதிவு.

சேர் போன திங்கள் தன் வீட்டு வேலியிலிருந்து ஒரு கிளையை ஒடித்துக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். "பாருங்க டீச்சர், உண்மையான நாட்டு போவிட்டியா எங்க வீட்டில நிக்குது. மகன் பழமும் சாப்பிடுவான்." தண்டெல்லாம் மயிர். ஒரு கொத்து கருநீலப் பழம். நுனியில் சின்ன வெள்ளைப் பூ இரண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. தரம் எட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். ஐந்து. கட்டகளு.

வேலி நீளத்துக்கும் நிற்கிறதாம். இன்னும் பிடுங்கவில்லை.